பீரோவைத் தாண்டாத படங்கள்

ஆடி 1, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி முப்பத்தொரு நாளைக்கு எந்தத் தகப்பனும் வரன் தேடி என் மாடிப்படி ஏறமாட்டான். தப்பித் தவறி ஏறினாலும், ஆவணியில் பார்ப்போம் என்று பாதிப் படியிலேயே நின்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். வருஷத்தில் எனக்கு மூச்சு விட நேரம் கிடைப்பது இரண்டே மாதம், ஆடியும் மார்கழியும். போன மார்கழியில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன். இந்த ஆடியில் நிறுத்துவதாக இல்லை.

காலையில் பலகையைத் துடைத்தேன். ‘உலகம்மாள் திருமணத் தகவல் மையம், கோவில்பட்டி. உங்கள் பெண்ணின் படம் எங்கள் பீரோவைத் தாண்டாது.’ இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் நான் சொல்லி எழுதவைத்த வாசகம். எதிர்த்த தெருவில் ஒருத்தன் வரன் பார்க்கிற செயலி வைத்திருக்கிறான். பெண்களின் படம் எல்லாம் ஊர் உலகத்தின் கைப்பேசியில் கிடக்கிறது. என்னிடம் அந்தக் கதையே கிடையாது. பீரோ போய்க் கம்ப்யூட்டர் வந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் இணைப்பு கொடுத்ததில்லை. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பெண்கள் அதற்குள் பத்திரமாக இருக்கிறார்கள். படம், ஜாதகம், போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம்.

ஆவணி இருபதில் முத்துச்செல்விக்குக் கல்யாணம். நான் கூட்டிவைத்தது. பெண் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். மாப்பிள்ளை கதிரேசன் தூத்துக்குடியில் துறைமுகத்தில் வேலை. இந்தப் பொருத்தத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. ஆவணி பிறந்ததும் கொடுக்க வேண்டியதுதான்.

ஆடி 3, வெள்ளி

கம்ப்யூட்டருக்கு ஆறு மாதத் தவணையைப் புதுப்பித்தேன். நூற்று எண்பது நாளுக்கு ஒரு முறை, ‘இது அசல் மென்பொருள் இல்லை’ என்று திரையின் ஓரத்தில் எழுதிக்கொண்டு என்னை முறைக்கும். மார்கழி முடிகிறபோது ஒரு தடவை, ஆடி பிறந்ததும் ஒரு தடவை. கல்யாணம் இல்லாத மாதமாகப் பார்த்து முறைப்பதில் எனக்கும் வசதிதான்.

செய்ய வேண்டியதைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற சேவியர் ஒரு சீட்டில் எழுதித் தந்திருக்கிறான். ஆன்டி வைரஸை அணைக்க வேண்டும். என் போனிலிருந்து நெட்டை இணைக்க வேண்டும். அவன் தந்த பைலை ஓடவிட்டு, எது கேட்டாலும் சரி என்று அழுத்த வேண்டும். அது எங்கேயோ இருக்கிற ஒரு சர்வரிடம் போய், இந்தக் கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர் என்று சான்று வாங்கி வரும். பச்சை எழுத்து வந்ததும் நெட்டைத் துண்டிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தத் தடவை பழைய சர்வர் செத்துப் போயிருந்தது. சேவியருக்குப் போன் போட்டேன். ஏதோ குரூப்பில் வந்தது என்று புதுப் பைல் ஒன்றை அனுப்பினான். வேலை முடிந்தது. பத்து நிமிடம்.

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தூக்குவாளியோடு போனேன். வரிசை தேரடி வரை நின்றது. போனை ஆபீசிலேயே வைத்துவிட்டதால், திரும்பி வந்து பார்த்தால் இவர், என் வீட்டுக்காரர், ஏழு தடவை அழைத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, நான் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் தாங்காது. கூழ் வயிற்றுக்கு ஆகாது என்றவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

சாயங்காலம் நாடகம் பார்க்கலாம் என்று போனை எடுத்தால் இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதாம். நான் என்ன பார்த்தேன், தீர்வதற்கு? எல்லாம் ஏமாற்று வேலை.

ஆடி 4, சனி

வீட்டுத் துணி பீரோவுக்குப் பாச்சை உருண்டை போட்டேன்.

ஆடி 9, வியாழன்

கம்ப்யூட்டர் திறக்கவே ஐந்து நிமிடம் எடுக்கிறது. தூசிதான் காரணம். பெட்டியைக் கழற்றிப் பிரஷ் வைத்துத் தட்டினேன். ஒரு பல்லி முட்டை கிடந்தது. அதற்குப் பிறகும் அதே மந்தம்தான்.

ஆடி 12, ஞாயிறு

சாத்தூரிலிருந்து தனலட்சுமி என்கிற அம்மா போன் செய்தாள். மகள் பெயரை இரண்டு வருஷத்துக்கு முன் என்னிடம் பதிந்தவள். நேற்று ஒருவன் அவளை அழைத்து, உலகம்மாள் மையத்திலிருந்து பேசுகிறோம், வெளிநாட்டு வரன் வந்திருக்கிறது, பெண்ணை உடனே வீடியோவில் காட்டுங்கள் என்றானாம். நட்சத்திரம், ராசி, பெண்ணின் உயரம் வரை சொன்னானாம். அவளும் நம்பிப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் முகமே காட்டாமல் அசிங்கமாகப் பேசினானாம்.

எதிர்த்த தெருச் செயலிக்காரன் வேலையாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். என் பெயரைக் கெடுக்க எத்தனை நாளாகக் காத்திருக்கிறான். என் பெண் செயலியில் பதியவே இல்லையே என்று தனலட்சுமி கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஆடி 15, புதன்

மேலும் நான்கு வீட்டிலிருந்து போன். எல்லாம் ஒரே மாதிரி. இரண்டு வீட்டுக்குப் பெண்ணின் படத்தையே அனுப்பிக் காட்டினானாம்.

இது ஸ்டுடியோ பாக்கியநாதன் வேலைதான் என்று முடிவு செய்து நேராக அவன் கடைக்குப் போனேன். பாதிப் பெண்களுக்கு அவன்தான் படம் எடுக்கிறான். கடையில் நாலு பேர் இருக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவனும் சளைக்கவில்லை. படம் என்னிடம் இருக்கும், ஜாதகம் எனக்கு எங்கே கிடைக்கும் என்று கத்தினான். பிறகு அவன் போனில் யாரோ அனுப்பிய படம் ஒன்றைப் பெரிதாக்கி, மூலையில் இருக்கிற எண்ணைப் பார் என்று என் முன் நீட்டினான். நான் கண்ணாடி எடுத்துப் போகவில்லை. சரியாகத் தெரியவில்லை.

வருகிற வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். பாதி முற்றல்.

ஆடி 17, வெள்ளி

படங்களின் மூலையில் பதிவு எண் அடிப்பது என் வழக்கம். சாமர்த்தியமாகத்தான் செய்தேன். படம் கை மாறினால் யார் வீட்டுப் பெண் என்று உடனே கண்டுபிடிக்கலாம். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு நானே அடிப்பது. ஸ்டுடியோவில் இருக்கிற படத்தில் அந்த எண் இருக்காது.

யாராவது திரையைப் போனில் படம் பிடித்திருக்கலாம். ஆபீசுக்குப் பலர் வந்து போகிறார்கள்.

ஆடி 18, சனி

பதினெட்டாம் பெருக்கு. புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் கட்டி முடித்தபோது திரவியம் அண்ணாச்சி வந்தார். முத்துச்செல்வியின் அப்பா. எப்போதும் கீழேயிருந்தே தங்கச்சி என்று குரல் கொடுத்துக்கொண்டு ஏறுகிறவர், இன்று சத்தமில்லாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மகளின் படமும் போன் நம்பரும் நெட்டில் ஏதோ ஒரு கேடுகெட்ட பக்கத்தில் வந்திருக்கிறது. அவளே ஆண்களைக் கூப்பிடுவது போலக் கீழே எழுதியிருக்கிறார்கள். மூன்று நாளாக அந்தப் பிள்ளைக்கு ஓயாமல் போன் வருகிறதாம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு யாரோ அனுப்பிவிட்டார்கள். பெண்ணே போட்டது, இப்படிப்பட்ட பெண் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஆவணி பிறப்பதற்குள் இது பொய் என்று காட்டினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் பத்திரிகையைக் கிழித்துப் போடுங்கள் என்பது அவள் பேச்சு.

அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தங்கச்சி, ஒங்க கம்ப்யூட்டர்ல இருந்து போயிருக்குமோ?”

“என் கம்ப்யூட்டர்ல நெட்டே கிடையாது அண்ணாச்சி” என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பினார். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒங்களச் சந்தேகப்பட்டேன், மனசுல வைக்காதீய என்று சொல்லிவிட்டுப் போனார். புளியோதரை கொடுத்தனுப்ப மறந்துவிட்டேன்.

ஆடி 20, திங்கள்

சேவியரை வரச் சொல்லியிருந்தேன். பத்து மணிக்கு வந்து, பன்னிரண்டு வரை திரையை விட்டு எழவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் தூசி எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அக்கா, அன்னைக்கு நெட்டு எவ்வளவு நேரம் போட்டிருந்தீய?”

“பத்து நிமிஷம்.”

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். கம்ப்யூட்டர் தானாகவே எல்லாவற்றையும் குறித்து வைக்குமாம், எனக்குத் தெரியாது. பத்து நாற்பத்திரண்டுக்கு இணைந்திருக்கிறது. பன்னிரண்டே காலுக்குத்தான் துண்டித்திருக்கிறது. நான் கூழ் வரிசையில் நின்ற நேரம் அது. பச்சை எழுத்து வந்ததும் துண்டிக்காமல், போனை மேஜையிலேயே விட்டுவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அது ஒரே பைல் இல்லையாம். அதன் வயிற்றுக்குள் இன்னொன்று இருந்திருக்கிறது. சான்று வாங்கித் தருகிற வேலையை ஒழுங்காகச் செய்து பச்சை எழுத்தையும் காட்டிவிட்டு, மற்றது உள்ளே இருந்த படங்களையும் ஜாதகங்களையும் மூட்டை கட்டி அனுப்ப ஆரம்பித்துவிட்டது. ஆன்டி வைரஸ் இருந்தால் மறித்திருக்கும். அதை அணைத்ததும் நான்தான். எது கேட்டாலும் சரி என்று அழுத்தியதும் நான்தான். பத்தே நிமிடத்தில் துண்டித்திருந்தால் கொஞ்சம் பேராவது தப்பியிருப்பார்கள். ஒன்றரை மணி நேரம் கிடைத்ததால் பதிவு எண் ஒன்றிலிருந்து கடைசி வரை போய்விட்டது.

எங்கே போனது என்று கேட்டேன்.

“போய்ச் சேர்ந்த சர்வரோட நம்பர் மட்டுந்தான் காட்டுது அக்கா. எந்த நாடுன்னு கண்டுபிடிச்சாலும், அங்க ஒக்காந்திருக்கது யாருன்னு யாருக்குத் தெரியும்?”

இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை. அசல் போட்டுவிடுவோம் என்று சேவியர் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அன்றைக்குப் போனிலும் சொன்னான். இது யார் சர்வர் என்று எனக்கே தெரியாது அக்கா, இந்தத் தடவையாவது வேண்டாம் என்றான். அசலை விற்றால் உனக்கு எவ்வளவு கமிஷன் என்று கேட்டேன். அதன் பிறகுதான் அவன் பேசாமல் பைலை அனுப்பினான். மூன்றாம் தேதி இதை நான் எழுதவில்லை.

ஊர்க்காரன் செயலியைக் குறை சொல்லிக்கொண்டு, ஊர் பேர் தெரியாதவனுக்கு வருஷத்தில் இரண்டு தடவை கதவைத் திறந்து வைத்தவள் நான்.

ஆடி 21, செவ்வாய்

ரசம் மட்டும் வைத்தேன். இவரே அப்பளம் சுட்டுக்கொண்டார்.

ஆடி 23, வியாழன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு, வாயைத் திறக்காதே என்றார்.

அவர் சொல்வதில் ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. திருட்டு மென்பொருள் போட்டேன் என்று நாமே போய்ச் சொன்னால் கேஸ் நம் மேல்தான் திரும்பும். ஆயிரத்து நூறு வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். இருபத்திரண்டு வருஷப் பேர் ஒரே நாளில் போகும். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு மாதத்தில் ஊர் இதை மறந்துவிடும். சேவியரை வேறு மாட்டிவிட வேண்டுமா, பாவம் இரண்டு பிள்ளைக்காரன் என்றார். எல்லாம் கணக்காகத்தான் சொன்னார். நானும் சரி என்றேன். கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாகப் போட்டுவிட்டால் தடயமும் இருக்காது என்றும் பேசிக்கொண்டோம்.

மூன்று மணிக்கு முத்துச்செல்வி போன் செய்தாள். புது நம்பர். பழையதை அணைத்துவிட்டாளாம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“அத்தை, அத நான் போடலன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும் தாயி.”

“எப்படித் தெரியும்?”

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆடி 24, வெள்ளி

நான் யாருக்கும் பயந்தவள் இல்லை. வரதட்சணை கூடக் கேட்ட மாப்பிள்ளை வீட்டாரை இதே மாடிப்படியில் இறக்கிவிட்டிருக்கிறேன். குடிகாரனை நல்லவன் என்று சொல்லித் தள்ளிவிடப் பார்த்த தாய்மாமனைத் தெருவில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஒரு பெண் ‘எப்படித் தெரியும்’ என்று கேட்டதற்கு அடுப்பைக் காட்டித் தப்பித்தேன். இது எனக்கு ஒத்துவரவில்லை. பேர் போனால் போகட்டும். இப்படிப் பதுங்கிக்கொண்டு இருக்கிற பேர் யாருக்கு வேண்டும்?

கம்ப்யூட்டரைத் துடைக்க வந்த சேவியரைத் திருப்பி அனுப்பினேன். அது அப்படியே இருக்கட்டும், சாட்சிக்கு வேண்டும் என்றேன். உன் பெயர் என் வாயிலிருந்து வராது, நீ வேண்டாம் என்று சொன்னாய், கேட்காதவள் நான் என்றும் சொன்னேன். அவன் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனான்.

ஆடி 26, ஞாயிறு

முதலில் திரவியம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். என் கம்ப்யூட்டரில் நெட்டே கிடையாது என்று நான் சொன்னது பொய், போனது அங்கிருந்துதான் என்றேன். அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, வாங்க, தூத்துக்குடிக்குப் போவோம் என்றார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். டிக்கெட் இரண்டையும் அவரே எடுத்தார். தங்கச்சி என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தாள். நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். கதிரேசன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்பதை ஆடி மூன்றிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். திருட்டு ஆக்டிவேஷன், அணைத்த ஆன்டி வைரஸ், கூழ் வரிசை எல்லாம். படத்தின் மூலையில் இருக்கிற எண் என் கையால் அடித்தது என்று காட்டினேன். அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன்.

அந்த அம்மா எல்லாம் கேட்டாள். சொந்தக்காரர்களிடம் காட்ட வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சரி, சொன்ன தேதியில் கல்யாணத்தை நடத்துவோம் என்றாள். அண்ணாச்சிக்கு முகமே மாறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் நான் பேசாமல் எழுந்து வந்திருப்பேன். இரண்டு நிபந்தனை வைத்தாள். படம் ஊரெல்லாம் சுற்றிய பெண், இனி வேலைக்குப் போக வேண்டாம். போன் மாப்பிள்ளை கையில் இருக்கட்டும், தேவைப்பட்டால் வாங்கிப் பேசட்டும்.

“படத்தத் தொலச்சது நானு. போன அவ எதுக்குக் குடுக்கணும்?” என்று கேட்டேன்.

எங்கள் வீட்டு விஷயம், தரகுக்கு வந்தவள் அதற்கு மேல் பேச வேண்டாம் என்றாள். கதிரேசனைப் பார்த்தேன். அவன் டிவியில் சத்தத்தைக் கூட்டினான். அண்ணாச்சி என் முழங்கையைத் தொட்டு, வாங்க போவோம் என்றார். அவருக்குக் கல்யாணம் நடந்தால் போதும் என்று இருந்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆடி 28, செவ்வாய்

போலீசில் புகார் கொடுக்கப் போனேன். இவர் வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். நான் ஆட்டோவில் ஏறினேன். ஸ்டேஷன் வாசலில் இறங்கினால், சட்டை இஸ்திரி போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கிறார். எனக்கு முன்னால் டவுன் பஸ்ஸில் வந்துவிட்டாராம். இந்த நேரத்துக்கு எந்த பஸ் என்று அவருக்குத் தெரியாதா.

எழுத்தர் மேஜையில் இருந்த இளம் போலீஸ்காரர் நல்ல மாதிரி. கம்ப்யூட்டரில் இருந்தது அசல் மென்பொருளா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அதை எழுத வேண்டுமா, எழுதினால் உங்களுக்குத்தான் தொந்தரவு என்றார். எழுதுங்கள் என்றேன். யார் போட்டுக் கொடுத்தது என்றார். ஓடவிட்டது நான், அழுத்தியது நான், என் பெயரைப் போடுங்கள் என்றேன். இவர் பக்கத்திலிருந்து, உலகம்மாள், கணவர் பெயர் சங்கரலிங்கம் என்று தெளிவாகச் சொன்னார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவர் சொல்லிக் கேட்டதில் எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு இதுதான்.

சர்வர் வெளிநாட்டில் இருந்தால் பிடிப்பது கஷ்டம் என்று போலீஸ்காரர் ஒளிக்காமல் சொன்னார். அந்தக் கேடுகெட்ட பக்கத்தை எடுக்கச் சொல்லி எழுதுகிறோம், எடுப்பார்கள், வேறு இடத்தில் மறுபடி வரலாம் என்றார். கம்ப்யூட்டரை ஒப்படைக்கச் சொன்னார். பெண்கள் விவரத்தை மட்டும் தாளில் அச்செடுத்துக்கொண்டு, மாலையில் கொடுத்துவிட்டோம்.

ஆடி 30, வியாழன்

பெயிண்டரை வரச் சொல்லிப் பலகையில் இரண்டாவது வரியை அழித்தேன். வேறு என்ன எழுத என்று கேட்டான். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன்.

பாக்கியநாதன் கடைக்கும் போய், அன்று நான்கு பேர் முன்னால் ஏசியதற்கு இன்று ஐந்து பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

ஆடி 31, வெள்ளி

முத்துச்செல்வி வந்தாள். பின்னாலேயே அண்ணாச்சி, ஏதோ பறிகொடுத்தவர் போல. அவள் கல்யாணத்தை நிறுத்திவிட்டாள். கதிரேசனுக்கு அவளே போன் செய்து சொன்னாளாம்.

நான் பதறிப் போனேன். நிபந்தனையைப் பேசித் தளர்த்தலாம், நான் மறுபடி போகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

“நிபந்தனைக்காக இல்ல அத்தை. நான் போடலன்னு நான் சொன்னப்போ அவிய நம்பல. நீங்க எழுதிக் குடுத்த பெறகுதான் நம்புனாவ. அடுத்த தடவ யார் எழுதிக் குடுப்பா?”

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் தன்னுடைய விவரம் இருக்கிற தாளைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருக்கிறதையும் அழித்துவிட முடியுமா என்றாள். போலீசிடமிருந்து திரும்பி வந்ததும் முதல் வேலையாக அழிக்கிறேன் என்றேன்.

“அழிச்சா போயிருமா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இன்றைக்கு ஒரு ராத்திரியாவது தூங்கியிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது.

“என்கிட்ட இருந்து போயிரும். எடுத்துட்டுப் போனவன்கிட்ட இருந்து போவாது” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

“மத்த பொண்ணுங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

இன்னும் இல்லை என்றேன்.

“இப்ப எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்.”

தாளை நான்காகக் கிழித்து என் மேஜை மேலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஆவணி 1, சனி

ஆவணி பிறந்துவிட்டது. ஒன்பது மணிக்கே இரண்டு குடும்பம் படியேறியது. உட்கார்வதற்கு முன்பே என்ன நடந்தது என்று சொன்னேன். ஒரு குடும்பம் திரும்பிப் போய்விட்டது. இன்னொன்று, நின்றுகொண்டே கேட்டுவிட்டு, ஜாதகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றது. நான் சொல்லும் முன்பே இது ஊரில் பரவிவிட்டது என்று இவர் சொன்னார். பரவட்டும். மற்றவர் வாயிலிருந்து போவதைவிட என் வாயிலிருந்தே போகட்டும்.

அச்செடுத்த கட்டை எடுத்துப் பதிவு எண் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். எல்லா வீட்டுக்கும் ஒரே பேச்சுத்தான். நான் உலகம்மாள் பேசுகிறேன். உங்கள் பெண்ணின் படமும் ஜாதகமும் நம்பரும் என் கம்ப்யூட்டரிலிருந்து திருடு போய்விட்டன. அசல் மென்பொருள் வாங்காமல், யாரோ ஒருவனுடைய சர்வரை நம்பி நான் கதவைத் திறந்து வைத்தேன். தப்பு என்னுடையது. என் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் பெண்ணை வீடியோவில் காட்டாதீர்கள். அசிங்கமாக எங்கேயாவது படம் வந்தால் பெண் மேல் சந்தேகப்படாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள், எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

பதினெட்டாம் எண்ணில் இருக்கிற பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மாமியார் போனை எடுத்தாள். மருமகளிடம் கொடுக்கச் சொல்லி அவளிடமே பேசினேன். இருபத்தேழாம் எண் வீட்டு அம்மா நீ நாசமாய்ப் போவாய் என்று ஆரம்பித்து, என் வம்சம் வரைக்கும் போனாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவள் முடிக்கும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இவர் பிடுங்கி வைக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன்.

நாற்பத்தொன்றில் ஒரு வயதான தகப்பன். கடைசி வரை கேட்டுவிட்டுத் திருப்பிக் கேட்டார்.

“இத எதுக்கும்மா எங்கிட்ட சொல்லுதீய? சொல்லாட்டா எங்களுக்குத் தெரியவா போவுது?”

“தெரியாமலே போவட்டும்னுதான் நானும் நெனச்சேன் அண்ணாச்சி” என்றேன். “அதனாலதான் சொல்லுதேன்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

முத்துச்செல்வியைக் கழித்தால் இன்னும் ஆயிரத்து நூற்றொரு பேர் இருக்கிறார்கள். நாற்பத்திரண்டுக்குப் போட்டிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டிருக்கிறது, எடுக்கவில்லை. எடுக்கிற வரைக்கும் போடுவேன்.